பின்காற்றுக்குப் பாய் கட்டுவது எப்படி?

தைப்பொங்கலுக்கு வட்டகொடை வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியின் மகளும் லீவில் வந்திருந்தாள். அவள் கட்டுநாயக்கப் பக்கத்தில் ஒரு பாய்த் தொழிற்சாலையில் தைக்கிறாள். படுக்கும் பாய் அல்ல, படகில் ஏற்றும் பாய். பையிலிருந்து ஒரு வெட்டுத்துண்டை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். கழிவில் போவதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். காகிதம் போல மொடமொடத்த வெள்ளைத் துணி. ஒரு மூலையில் மட்டும் ஐந்தாறு அடுக்குகள், விசிறி விரிந்தது போல, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தன.

அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "படங்கு கட்ட நல்ல துணி" என்றார். முப்பது வருடம் மலையில் இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து பறித்தவருக்கு எந்தத் துணியும் முதலில் அப்படித்தான் தெரியும்.

தங்கச்சி கேட்டது வேறு. "அண்ணே, நாலு வருசமா இந்த மூலையத்தான் தைக்கிறேன். இது எங்க போயி மாட்டுது, எதுக்கு இத்தனை அடுக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் எழுதுறவராச்சே, கேட்டுச் சொல்லுங்களேன்."

உலகின் பெரிய பாய் நிறுவனங்களில் ஒன்றான நோர்த் செயில்ஸ் இலங்கையில் தொழிற்சாலை நடத்துகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் பல படகுகளின் பாய்கள் நம் நாட்டுப் பெண்களின் தையல் இயந்திரங்களைக் கடந்து போனவை. அவற்றைத் தைப்பவர்களில் ஏற்றிய பாயைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் ஒருமுறை காலித் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். வேறொரு செய்திக்காகப் போன இடத்தில், லங்காவியிலிருந்து 34 அடிப் படகொன்றில் வந்திருந்த ஒரு வயதான தம்பதியர் அரை நாள் செலவழித்து எல்லாவற்றையும் கட்டிக் காட்டினார்கள். அன்று குறித்துக்கொண்டதையும் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துத் தங்கச்சிக்குச் சொன்னேன். இந்தக் கட்டுரை அதுதான். பின்னால் இருந்து காற்று அடிக்கும்போது ஒரு சிறிய படகில் பாயை எப்படிக் கட்டுவது என்பது மட்டுமே விஷயம்.

முதலில் காற்று. யாழ்ப்பாணக் கரையில் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் வல்வெட்டித்துறைக்காரர்கள் இந்தக் காற்றுகளை வைத்துத்தான் பர்மாவுக்குப் போய் வந்தார்கள். சோழகம் முதுகில் தள்ளப் போவது, காற்று மாறியதும் திரும்புவது. இன்றைக்குச் சிறிய படகுகளில் உலகம் சுற்றுகிறவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். தாய்லாந்து, மலேசியப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வருகிறவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையான வடகீழ்ப் பருவக்காற்றைத் தெரிவு செய்வார்கள். புக்கெட்டிலிருந்து காலிக்குச் சுமார் 1,100 கடல் மைல். மேற்கு நோக்கி ஓடும் படகுக்குக் காற்று வலது பின்பக்கத்தில் இருந்து வரும். நல்ல காற்று என்றால் எட்டு, ஒன்பது நாள்.

காற்று பின்னால் இருந்தால் வேலை சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் இந்தப் பின்காற்று ஆட்களைக் கொல்வதும் மரத்தை முறிப்பதும் உண்டு. அதற்கு முதல் காரணம், காற்றின் பலம் தெரியாமல் போவது.

எங்கள் கோச்சியை நினைத்துப் பாருங்கள். வட்டகொடையிலிருந்து கிறேட் வெஸ்டர்ன் ஏற்றத்தில் அது மெதுவாக ஊர்ந்துபோகும். பின்னால் இருந்து அதே வேகத்தில் காற்று அடித்தால், மிதிபலகையில் நிற்பவனுக்குக் காற்றே இல்லாதது போலிருக்கும். படகிலும் அதேதான். கடலில் 15 நொட் காற்று. படகு அதன் முன்னால் 6 நொட்டில் ஓடுகிறது. தளத்தில் நிற்பவருக்குத் தெரிவது 9 நொட் மட்டும். வெயில் இதமாக இருக்கிறது, தேநீர் ஊற்றலாம் போல இருக்கிறது. திடீரென்று ஏதோ காரணத்துக்காகப் படகைக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டி வந்தால், அதே காற்று 19 நொட்டாக முகத்தில் அறையும். பாயின்மீது காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே 9 நொட்டுக்கும் 19 நொட்டுக்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்குக்கும் மேல். குடையைப் பின்காற்றுக்குப் பிடித்து நடந்துவிட்டு, வளைவில் திரும்பியதும் அது மேல்நோக்கி மடிந்த அனுபவம் மலையில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

அதனால் பின்காற்றில் ஓடும்போது பாயைக் குறைக்கும் முடிவை உடம்பில் படும் காற்றை வைத்து எடுக்கக்கூடாது. காலியில் பார்த்த தம்பதியர் உண்மைக் காற்று 18 நொட்டைத் தொட்டாலே பெரிய பாயில் ஒரு மடிப்புக் குறைத்துவிடுவார்களாம். இரவு வருமுன் காற்றைப் பார்க்காமலே ஒரு மடிப்பு. தாமதித்தால், பெரிய பாய் மரத்தைத் தாங்கும் கம்பிகள்மீது அழுந்திக் கிடக்கும். இறக்கப் போனால் இறங்காது.

இப்போது படகு. சிறிய படகில் பொதுவாக ஒரு பாய்மரமும் இரண்டு பாய்களும் இருக்கும். மரத்துக்குப் பின்னால் பெரிய பாய். அதன் அடியில் பூம் என்ற கிடைமரம். மரத்துக்கு முன்னால், அணியத்தில், முக்கோணமான ஜிப். அணியம் என்பது படகின் முன்முனை, கடையால் பின்முனை. பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். இந்தச் சொற்கள் எல்லாம் கடலோரத் தமிழில் இருந்தவை, பழைய அகராதிகளிலும் இருக்கின்றன. எனக்கு இவை ஒன்றும் தெரியாது. ஆங்கிலப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து, பிறகு ஒவ்வொன்றாகத் தமிழில் தேடிக் கண்டுபிடித்தேன். மலையகத்தில் பிறந்தவனுக்கு ஆஞ்சானும் தாமானும் அந்நியச் சொற்கள்.

காற்றை நேர் பின்னால் வாங்கினால் என்ன ஆகும்? பெரிய பாய் முன்பாய்க்கு மறைப்பாகிவிடும். யூகலிப்டஸ் வரிசைக்குப் பின்னால் உள்ள லயத்தில் காற்றுப் படாததுபோல, ஜிப் காற்றில்லாமல் துவண்டு, பிறகு படார் என்று விரிந்து, மீண்டும் துவளும். பாய் கிழிவது இப்படித்தான். இதற்கு வழி, பெரிய பாயை ஒரு பக்கமும் ஜிப்பை மறுபக்கமும் விரிப்பது. பறவை சிறகு விரித்த மாதிரி. ஆனால் ஜிப்புக்கு அடியில் பூம் கிடையாது, தானாக வெளியே நிற்காது. அதற்கு ஒரு கம்பம் வேண்டும். அலுமினியத்தாலோ கார்பனாலோ ஆனது. ஒரு முனை பாய்மரத்தில் கொளுவும், மறுமுனையில் ஜிப்பின் தாமான் ஓடும்.

கம்பத்தைக் கட்டும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரக்காரர்கள் கம்பத்தைப் பாயின் மூலையில் கொளுவி வெளியே தள்ளிவிடுவார்கள். அப்போது பாய் இருந்தால்தான் கம்பம் நிற்கும். பாயைச் சுருட்ட வேண்டியபோது கம்பம் தலைக்குமேல் ஆடும். ஒழுங்கான முறை, கம்பம் பாயை நம்பாமல் தானே நிற்பது. அதற்கு மூன்று கயிறுகள். ஒன்று கம்பத்தின் வெளிமுனையை மேலே தூக்கிப் பிடிக்கும். ஒன்று அதை அணியத்தை நோக்கி முன்னால் இழுக்கும். ஒன்று கடையாலை நோக்கிப் பின்னால் இழுக்கும். மூன்றும் இறுகியதும் கம்பம் அசையாது. தாமான் அந்த வெளிமுனை வழியாகச் சும்மா ஓடும். கம்பத்தை நிறுத்திய பிறகுதான் பாயை விரிக்க வேண்டும். எடுக்கும்போது முதலில் பாயைச் சுருட்டிவிட்டு, பிறகு கம்பம். மழைக்காற்று திடீரென்று வந்தால், இருந்த இடத்திலிருந்தே கயிறை இழுத்துப் பாயைப் பாதியாகச் சுருட்டலாம். கம்பம் வெளியே நிற்கட்டும். ஒருவரும் அணியத்துக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டே பேர், அதில் ஒருவர் தூக்கத்தில் இருக்கும் படகில் இது சின்ன விஷயம் அல்ல.

தங்கச்சி தைக்கும் மூலை இதுதான். தாமான் கட்டும் பின்மூலை. பாய் வாங்கும் காற்று முழுவதும் கடைசியில் இந்த ஒரு வளையத்தில் வந்து சேர்கிறது. ஒற்றைத் துணியில் வளையம் போட்டால் முதல் நாளே பிய்ந்துவிடும். ஆகவே அடுக்குகள். இழுவை ஒரு புள்ளியிலிருந்து பாயெங்கும் பரவ வேண்டும் என்பதற்காக விசிறி வடிவம்.

அடுத்தது பூம். எனக்கு இதை நினைத்தால்தான் பயம். பின்காற்றில் பெரிய பாய் ஒரு பக்கமாக முழுவதும் வெளியே தள்ளியிருக்கும். சுக்கான் பிடிப்பவர் ஒரு கணம் கவனம் தவறினாலோ, ஒரு அலை கடையாலைத் தள்ளினாலோ, காற்று பாயின் மறுபக்கத்தில் பிடித்துக்கொள்ளும். பூம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஒரே வீச்சில் வரும். வழியில் ஒரு தலை இருந்தால் அவ்வளவுதான். தலை இல்லாவிட்டாலும் பூமோ மரமோ முறியலாம்.

இதைத் தடுக்கும் கயிறுக்குப் பிரிவென்டர் என்று பெயர். பூமின் வெளிமுனையில் கட்டி, கம்பிகளுக்கும் வேலிக்கயிறுக்கும் வெளியே முன்னால் கொண்டுபோய், அணியத்தில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, சுக்கான் பிடிப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இறுக்க வேண்டும். பலர் சோம்பலில் பூமின் நடுவில் கட்டுகிறார்கள். படகு சாயும்போது பூமின் முனை தண்ணீரில் முட்டினால், கட்டிய இடத்திலேயே பூம் இரண்டாகும். முனையில்தான் கட்ட வேண்டும். பூம் மேலே எழும்பாமல் கீழே பிடிக்க இன்னொரு இறுக்கியும் உண்டு. இரண்டும் இருந்தால் பெரிய பாய் அசையாமல் நிற்கும்.

இவ்வளவும் செய்தாலும் படகு உருளும். பக்கத்துக்குப் பக்கம், ஓயாமல், இரவும் பகலும். பக்கக் காற்றில் பாயே படகை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும், நேர் பின்காற்றில் அந்தப் பிடிமானம் இல்லை. நேர் பின்னால் ஓடாமல் 20, 30 பாகை விலகி ஓடுவது நல்ல மருந்து. தூரம் கூடும். ஆனால் வேகமும் கூடும், சாப்பாட்டுத் தட்டும் மடியில் நிற்கும். இடையிடையே பக்கம் மாற்றிக்கொண்டு வளைந்து வளைந்து போவார்கள். அது பலசமயம் நேர்வழியைவிட அதிகம் தாமதிப்பதில்லை.

வேறொரு வழி, பெரிய பாயையே இறக்கிவிடுவது. அணியத்தில் ஒரே அளவான இரண்டு முன்பாய்களை ஏற்றி, இரண்டு கம்பங்களால் இரு பக்கமும் விரிப்பது. பூம் இல்லை, ஆகவே பூம் அடிக்கும் பயமும் இல்லை. ஒன்று மற்றதை மறைப்பதும் இல்லை. இழுவை முழுவதும் முன்னால் இருப்பதால் படகு கயிறு கட்டி இழுத்த மாட்டைப்போல நேராகப் போகும். 1930களில் பிரெஞ்சு ஓவியரும் மாலுமியுமான மரின்-மாரி இப்படி இரட்டைப் பாய் கட்டித் தனியாக அத்திலாந்திக்கைக் கடந்தார். பாயிலிருந்து வந்த கயிறுகளே சுக்கானைத் திருப்பின, அவர் தூங்கினார். உருளல் மட்டும் குறையாது. சிலர் இதற்காக நடுவில் ஒரு சின்னப் பாயை இறுக்கமாகக் கட்டி வைக்கிறார்கள்.

காலியில் அந்த இரண்டு கம்பங்களையும் பாயில்லாமல் விரித்துக் காட்டினார்கள். மரத்தின் இரு பக்கமும் குறுக்காக நீண்டு நின்றன. எங்கோ பார்த்த உருவம். பிறகுதான் விளங்கியது: அது பருமல். பழைய பாய்க்கப்பல்களின் மரத்தில் குறுக்கே தொங்கும் தண்டு, அதிலிருந்து விழும் சதுரப் பாய். சதுரப் பாய்க்கு இடமும் வலமும் ஒன்றே. காற்று கொஞ்சம் மாறினால் பருமலைக் கொஞ்சம் திருப்பினால் போதும், எதுவும் தலைமேல் வீசி வராது. காற்றை எதிர்த்துப் போவதற்கு அது உதவாது. பின்காற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது. சின்னப் படகுக்காரர்கள் அதை இரண்டாகப் பிளந்து, கம்பம் கட்டி, திரும்பவும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்தச் சதுரப் பாயைத் தேடி ஒரு அமெரிக்கர் நம் நாட்டுக்கு வந்திருக்கிறார். வில்லியம் அல்பர்ட் ரொபின்சன். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற, 32 அடிக்குச் சற்றே கூடிய படகில் உலகைச் சுற்றியவர். ஸ்வாப் என்றால் கனவு, சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த பெயர். அவர் வாங்கியது வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம், சதுரப் பாய்கள். அதை அமெரிக்காவுக்கு ஓட்டிச் சென்றதில் வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐந்து பேர் இருந்தார்கள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட்டில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். கப்பலுக்கு ரொபின்சன் தன் மனைவியின் பெயரை வைத்தார்: புளோரன்ஸ் சி. ரொபின்சன். 1942இல் அவர் தனக்கென்று கட்டிய 'வருவா' என்ற கப்பலின் முன்மரத்திலும் சதுரப் பாய்தான்.

வல்வெட்டித்துறையில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்த கதை, பெருமையாகச் சொல்வார்கள். நான் கவனித்தது வேறு. ஐந்து பேர் அமெரிக்கா வரை பாயில் போன ஊரில், அடுத்த ஐம்பது வருடத்துக்குள் கரையை விட்டு எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டலாம் என்பதை வேறு ஆட்கள் தீர்மானிக்கும் நிலை வந்தது. எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில் பழைய பாயைத் தேடி எடுத்துக் கட்டியவர்களும் வடக்கில் இருந்தார்கள். கட்டத் தெரிந்தவர்கள் அன்று உயிரோடு இருந்தார்கள் என்பதால் அது முடிந்தது.

எங்கள் பக்கம் கடல் வேறு மாதிரி. எங்கள் முன்னோர் இராமேஸ்வரம், தொண்டிக் கரைகளிலிருந்து தோணியில் மன்னாருக்கு வந்து, காட்டு வழியே மலைக்கு நடந்தவர்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. இந்த வட்டகொடை ஸ்டேஷனிலும் ஒப்பாரிக் கோச்சி நின்று ஆட்களை ஏற்றியிருக்கிறது. தலைமன்னாரில் கப்பல். 1977க்குப் பிறகு வன்னிக்குப் போன குடும்பங்களில் சில, பின்னர் மன்னார்க் கரையிலிருந்து இரவில் படகேறின. ஏறியவர்கள் யாரும் பாயைப் பற்றியோ காற்றைப் பற்றியோ கேட்டிருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் கடல் என்றால் ஆட்கள் திரும்பி வராத இடம். தங்கச்சிதான் முதல்முறையாக அதில் என்ன எங்கே மாட்டுகிறது என்று கேட்டவள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். நீண்ட ஓட்டத்தில் பாயைத் தின்பது காற்றைவிட உராய்வுதான். பருவக்காற்றில் ஒரே பக்கமாக எட்டு நாள் ஓடும்போது, பெரிய பாய் மரத்தின் கம்பியிலும் குறுக்குத் தாங்கியிலும் ஒவ்வொரு உருளலுக்கும் தேய்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தேய்ப்பு என்று எண்ணிப் பாருங்கள். அதற்காகத் தாங்கி தொடும் இடத்தில் பாயின் இருபுறமும் தனித் துணி ஒட்டித் தைப்பார்கள். ஆஞ்சான் மரத்தின் உச்சிக் கப்பியில் ஒரே இடத்தில் தேயாமலிருக்க, தினமும் காலையில் ஒரு சாண் இறக்கியோ ஏற்றியோ விட வேண்டும். கம்பத்தின் முனையில் தாமான் தேயும், அதற்கும் அதே வைத்தியம். காலித் தம்பதியர் தேயும் இடங்களில் பழைய தோட்டக் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தார்கள்.

துணியும் ஒன்றல்ல. தங்கச்சி கொண்டுவந்தது பொலியெஸ்டர், டக்ரோன் என்பார்கள். இழுத்தால் நீளாது, வெயிலை ஓரளவு தாங்கும். மெல்லிய காற்றுக்கென்று இருக்கும் பலூன் போன்ற பெரிய வண்ணப் பாய் நைலோன். நீளும், லேசானது. நீளுவதால்தான் திடீர் அடியைத் தாங்குகிறது. படங்களில் எல்லோரும் பார்ப்பது அந்தப் பாயைத்தான். இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் இரவில் அதை ஏற்றாமலிருப்பதே நல்லது. காற்று கூடினால் இறக்க நாலு கை போதாது.

இதையெல்லாம் அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கச்சி என் கைபேசியில் காலிப் படகின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கம்பத்தின் நுனியில் பாயின் மூலை.

"அண்ணே, இது ஆறடுக்கு. நாங்க தைக்கிற மாதிரியேதான். ஆனா இந்தக் கடைசி வரி கொஞ்சம் கோணலா ஓடியிருக்கு பாருங்க. எங்க சூப்பர்வைசர் அம்மான்னா பிரிச்சுத் தைக்கச் சொல்லியிருப்பாங்க."

வெட்டுத்துண்டை அம்மா மடித்து வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை மலைக்குப் போகும்போது அதைத்தான் கட்டிக்கொண்டு போனார்.